முப்பது நாள் சிகிச்சையும் முப்பத்தோராவது நாளும்

கார்த்திகை பிறந்து ஐயப்பனுக்கு மாலை போட்டுவிட்டால், ஆண்டு முழுக்கக் குடித்த பலர் ஒரு மண்டலம் சொட்டுகூடத் தொடுவதில்லை. விடிகாலைக் குளியல், கறுப்பு வேட்டி, ஊரே ‘சாமி’ என்று அழைக்கும் மரியாதை, கூடவே குருசாமியின் கண்காணிப்பு. வீட்டில் சண்டை இல்லை. கூலி முழுதாக வந்து சேர்கிறது. மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்றோ மறுநாளோ அவர்களில் பலர் மறுபடியும் கடை வாசலில் நிற்கிறார்கள். “நாற்பத்தெட்டு நாள் இருக்கத் தெரிந்தவருக்கு இப்போது மட்டும் ஏன் முடியவில்லை?” என்று மனைவி கேட்பதில் நியாயம் இருக்கிறது.

இந்தக் கேள்விக்கான பதிலில்தான் மறுவாழ்வு மையங்களின் பயனும் வரம்பும் அடங்கியிருக்கின்றன. குடியை நிறுத்துவது ஒன்று; குடியில்லாமல் வாழப் பழகுவது மற்றொன்று. முன்னதைச் சில நாளில் செய்துவிடலாம். பின்னதற்கு மாதங்களும் ஆண்டுகளும் ஆகும். நல்ல மையம் முன்னதை உயிருக்கு ஆபத்தில்லாமல் முடித்துக்கொடுத்து, பின்னதைத் தொடங்கி வைக்கிறது. அது தொடக்கம் மட்டுமே என்பதை மையமும் குடும்பமும் மறக்கும்போதுதான் சிகிச்சை வீணாகிறது. போதை மீட்பு குறித்து உலகம் முழுதும் கடந்த ஐம்பது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளை ஒருசேர வைத்துப் பார்த்தால் இந்த உண்மைதான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது.

ஒழுக்கக்கேடு என்ற பார்வையிலிருந்து நோய் என்ற பார்வைக்கு

தமிழ்நாட்டில் இந்தச் சிகிச்சைக்கு ஒரு தனிக் கதை உண்டு. முன்னாள் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் குடும்பத்தில் மருமகளாகப் போன சாந்தி ரங்கநாதன், குடிநோய்க்குத் தம் கணவரை இளம் வயதிலேயே பறிகொடுத்தார். பணமும் செல்வாக்கும் நிறைந்த அந்தக் குடும்பத்துக்கே அன்றைக்கு உள்ளூரில் தகுந்த சிகிச்சை கிடைக்கவில்லை. குடிநோய்க்கென்று பயிற்சி பெற்றவர்களும் தனி மருத்துவமனையும் இங்கே அரிதாக இருந்த காலம் அது. 1980இல் கணவரின் பெயரால் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையை அவர் சென்னையில் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று இன்று அறியப்படும் அந்த அமைப்புக்காக 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அவருடைய வேலை ஒரு மருத்துவமனை கட்டியதோடு நிற்கவில்லை. குடிப்பவரைத் திருத்த வேண்டிய குற்றவாளியாகப் பார்த்த சமூகத்திடம், இவர் நோயாளி, இவருக்கு மருத்துவம் உண்டு, இவரோடு சேர்ந்து இவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உதவி தேவை என்று சொல்லி நம்ப வைக்க வேண்டியிருந்தது. ‘குடிகாரன்’ என்ற வசைக்குப் பதிலாகக் ‘குடிநோயாளி’ என்று எழுதவும் பேசவும் தொடங்கியது இந்த மாற்றத்தின் அடையாளம். சட்டமும் பின்னால் வந்து சேர்ந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது, போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்பதன் வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது.

முதல் ஐந்து நாள்

மையத்துக்குள் நுழைந்ததும் முதலில் நடப்பது உடலைத் தெளியவைக்கும் மருத்துவம். இதன் அவசியம் வெளியே அவ்வளவாகத் தெரிவதில்லை. மது, மூளையின் பரபரப்பைத் தணிக்கும் பொருள். ஆண்டுக்கணக்கில் தினமும் உள்ளே போகும்போது, அந்தத் தணிப்பை ஈடுகட்ட மூளை தன் பரபரப்பை ஏற்றி வைத்துக்கொள்கிறது. திடீரென்று மது நின்றால், ஏற்றி வைத்த பரபரப்பு மட்டும் தடுப்பாரின்றி நிற்கும். காலையில் டீ கிளாசைப் பிடிக்க முடியாமல் கை நடுங்குவதும், “ஒரு கட்டிங் போட்டால்தான் கை நிற்கும்” என்று அவர் சொல்வதும் இதனால்தான். அது சாக்கு என்று வீட்டார் நினைக்கிறார்கள். அவர் சொல்வது உடலின் உண்மை.

கடைசிக் குடிக்குப் பிறகு ஆறு மணி நேரத்திலிருந்து நடுக்கம், வியர்வை, குமட்டல், தூக்கமின்மை தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாள் கடந்து நான்காம் நாள்வரை உள்ள காலம்தான் மிகவும் ஆபத்தானது. டெலிரியம் ட்ரெமன்ஸ் என்ற கடும் மனக்குழப்பம் அப்போது தலைகாட்டும். இடம், நேரம், ஆள் எல்லாம் மறந்துபோகும். சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்லிப் பதறுவார். போர்வையைப் பிய்த்துக்கொண்டே இருப்பார். தாம் செய்துவந்த தொழிலின் அசைவுகளைக் கை தானாகவே செய்வதும் உண்டு. லாரி ஓட்டியவர் கட்டிலில் உட்கார்ந்தபடி ஸ்டியரிங் திருப்புவார். தையல்காரர் இல்லாத ஊசியில் இல்லாத நூலைக் கோத்துக்கொண்டிருப்பார். பேய் பிடித்தது என்று கோயிலுக்குத் தூக்கிப்போகிற வீடுகளும் இருக்கின்றன. தக்க மருத்துவம் இல்லாத காலத்தில் இந்நிலையை அடைந்தவர்களில் மூவரில் ஒருவர்வரை இறந்திருக்கிறார்கள். மருத்துவக் கண்காணிப்பு இருந்தால் இன்று அது நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே.

குளோர்டயசெபாக்சைடு, டயசெபாம், லோரசெபாம் போன்ற மாத்திரைகளை அளவாகக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பதே இதற்கான மருத்துவம். கூடவே தயமின் என்ற வைட்டமின் பி1 ஊசி போட வேண்டும். சாப்பாட்டை விட்டுவிட்டுக் குடியிலேயே கிடந்தவரின் உடலில் அது வற்றிப்போயிருக்கும். அந்நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், வெர்னிக்கே என்ற மூளைப் பாதிப்பு வெளிப்படவோ கூடவோ செய்யலாம். நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடும் அபாயமும் உண்டு. “உடம்பு தளர்ந்துபோச்சு, ஒரு பாட்டில் ஏத்துங்க” என்று பக்கத்துக் கிளினிக்கில் கேட்டு வாங்கும் வழக்கமுள்ள ஊரில், இதை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். தினமும் அதிகமாகக் குடிப்பவரை வீட்டு அறையில் பூட்டி, “நாலு நாள் கிடந்தால் தானே தெளியும்” என்று விடுவது அவர் உயிரோடு விளையாடுவதாகும்.

தெளிந்த மூளைக்கு என்ன கற்றுக்கொடுப்பது?

ஒரு வாரத்தில் நடுக்கம் அடங்கிவிடும். பசி எடுக்கும், முகம் தெளியும். “எனக்குச் சரியாகிவிட்டது, வீட்டுக்கு அனுப்புங்கள்” என்று பலர் கேட்பது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில், சிகிச்சையே இனிமேல்தான் தொடங்க வேண்டும். தூக்கம் சீராக இன்னும் வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். எரிச்சலும் வெறுமையும் சட்டென்று எழும் குடி நினைப்பும் தொடர்ந்து வரும்.

மாலை போட்டவர் ஒரு மண்டலம் குடிக்காமல் இருந்ததற்குக் காரணங்கள் உண்டு. அவருக்கு ஒரு புதிய அடையாளம் கிடைத்தது. கூட்டாளிகள் மாறினார்கள், நாள் முழுவதற்கும் ஒழுங்கு இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது முடியும் தேதி அவருக்குத் தெரியும். மையத்தின் நான்கு சுவருக்குள் முப்பது நாளும் இதே ஏற்பாடுதான். கடை இல்லை, காசு இல்லை, கூட்டாளி இல்லை. அங்கே குடிக்காமல் இருப்பதில் பெரிய சாதனை எதுவுமில்லை. சுவர் தரும் பாதுகாப்பை மட்டும் நம்புகிற மையத்திலிருந்து வெளியே வருபவருக்கு, மாலை கழற்றியவருக்கு நேர்வதுதான் நேரும். முப்பத்தோராவது நாளுக்கு அவரைத் தயார்ப்படுத்துவதே கவுன்சலிங்கின் வேலை.

1980களில் அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட், குடியை விட்டவர்கள் எந்தச் சூழலில் மறுபடி குடிக்கிறார்கள் என்பதை நுணுக்கமாக ஆராய்ந்தார். மனம் சோர்ந்த வேளை, உறவுகளோடு சண்டை, கூட்டாளிகளின் வற்புறுத்தல் ஆகிய மூன்றும் முன்வரிசையில் நின்றன. ஆகவே, ஆபத்தான சூழலை முன்கூட்டியே அடையாளம் கண்டு, அதைச் சமாளிக்கும் வழியை ஒத்திகை பார்க்க வேண்டும் என்றார். நம் ஊர்க் கொத்தனார் ஒருவருக்கு இதன் பொருள் மிக எளிது. சனிக்கிழமை மாலை சம்பளம் கைக்கு வரும். சித்தாள் முதல் மேஸ்திரி வரை கும்பலாகக் கிளம்புவார்கள். கடைக்குப் போகும் சந்தும் வீட்டுக்குப் போகும் சாலையும் பிரிகிற இடத்தில் அவர் என்ன செய்வார்? சம்பளத்தை மனைவி வந்து வாங்கிக்கொள்ளலாமா? வேறு வழியாக வீடு திரும்ப முடியுமா? “டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், குடித்தால் ஒத்துக்காது” என்ற ஒரு வாக்கியத்தைத் தடுமாறாமல் சொல்ல அவருக்கு வருமா? துக்க வீட்டிலும் கல்யாண மண்டபத்தின் பின்புறத்திலும் கோயில் கொடையிலும் நீட்டப்படும் கிளாசை எப்படி மறுப்பது? குழுவாக உட்காரவைத்து, ஒருவர் கூட்டாளியாகவும் மற்றவர் தாமாகவும் நடித்து, இதைப் பலமுறை செய்து பார்க்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அற்பமாகத் தோன்றும் இந்தப் பயிற்சிதான் பின்னால் ஆளைக் காப்பாற்றுகிறது.

கவுன்சலர் பேசும் விதமும் முக்கியம். குடிப்பவரின் மறுப்பை உடைத்து அவரைப் பணியவைக்க வேண்டும் என்ற பழைய எண்ணத்தை, வில்லியம் மில்லரும் ஸ்டீபன் ரால்னிக்கும் உருவாக்கிய முறை மாற்றியது. வாதாடாமல், அவமதிக்காமல், குடியால் தாம் இழந்தது என்ன, தமக்கு வேண்டியது என்ன என்பதை அவர் வாயாலேயே சொல்லவைப்பது அந்த முறை. ஊரும் உறவும் ஏற்கெனவே போதுமான அளவு திட்டித் தீர்த்துவிட்டன. திட்டுவதால் குடி நிற்குமென்றால் நம் ஊரில் குடிநோயாளியே இருக்கமாட்டார்.

மனைவிக்கும் அங்கே இடம் வேண்டும். பல ஆண்டுகள் பொய்யும் அடியும் கடனும் பார்த்தவர் அவர். கணவர் தெளிந்து வந்ததும் எல்லாவற்றையும் மறந்து அவர் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. அவருடைய கோபத்தைக் கேட்பதற்கும், சந்தேகத்தோடு தினம் வாயை முகர்ந்து பார்க்கும் பதற்றத்திலிருந்து அவரை விடுவிப்பதற்கும் தனிக் கவுன்சலிங் தேவை.

மஞ்சக்குடி கற்றுத்தந்தது

திருவாரூர் பக்கத்துக் கிராமமான மஞ்சக்குடியில் 1989இல் டி.டி.கே. மருத்துவமனை ஒரு புது முயற்சியைத் தொடங்கியது. ஒரு மாதக் கூலியை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்து தங்க விவசாயக் கூலிகளால் முடியாது. ஆகவே சிகிச்சையே கிராமத்துக்குப் போனது. உள்ளூர் அமைப்பு இடமும் சாப்பாடும் பார்த்துக்கொள்ள, மருத்துவரும் செவிலியரும் கவுன்சலர்களும் ஊரிலேயே தங்கி, பதினைந்து நாள் முகாமாகச் சிகிச்சை கொடுத்தார்கள். அந்த அனுபவத்தைச் சாந்தி ரங்கநாதன் 1994இல் ‘அடிக்‌ஷன்’ என்ற பன்னாட்டு ஆய்விதழில் எழுதினார்.

மருந்தும் கவுன்சலிங்கும் நகரத்தில் கொடுப்பவைதான். ஆனால் முகாமில் கூடுதலாக ஒன்று நடந்தது. சிகிச்சை ஊரறிய நடந்ததால், குடியை விட்டவர் திரும்பிப்போன இடத்தில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். அவரோடு சிகிச்சை பெற்றவர்கள் அதே சுற்றுவட்டாரத்தில் இருந்தார்கள். பிறகு நடந்த தொடர் சந்திப்புகளும் ஊருக்குள்ளேயே நடந்தன. சிகிச்சை பெறும் இடத்துக்கும் வாழும் இடத்துக்கும் நடுவே இருந்த தூரம் குறைந்தது. குடியை மறைவாக விட்டுவிட்டு மறைவாக ஊர் திரும்புபவருக்கு இந்தத் துணை கிடைப்பதில்லை.

எல்லோரையும் சேர்க்க வேண்டுமா?

இங்கே நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டிய ஓர் ஆய்வு உண்டு. லண்டனில் கிரிஃபித் எட்வர்ட்ஸ் தலைமையிலான குழு, திருமணமான 100 குடிநோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு வழக்கமான முழுச் சிகிச்சை. மற்றொரு பிரிவுக்குக் கணவன் மனைவியை உட்காரவைத்து ஒரே ஒருமுறை அறிவுரை. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது இரு பிரிவுக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. 1977இல் வெளியான இந்த முடிவு மருத்துவ உலகை உலுக்கியது. அமெரிக்காவில் 1,726 பேரை வைத்து நடந்த ‘ப்ராஜெக்ட் மேட்ச்’ ஆய்வு 1997இல் வெளிவந்தது. மூன்று வேறு கவுன்சலிங் முறைகளை அது ஒப்பிட்டது. மூன்றிலும் குடி நன்றாகக் குறைந்தது. முறைகளுக்கிடையே வேறுபாடு சிறிதாகவே இருந்தது.

இதிலிருந்து மையங்களே வேண்டாம் என்று முடிவுகட்டுவது தவறு. தேவையும் சிகிச்சையும் பொருந்த வேண்டும் என்பதே இதன் பாடம். கோவாவில் 377 ஆண்களிடம் நடந்த ஆய்வு 2017இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. மருத்துவப் படிப்பு இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர்க் கவுன்சலர்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நான்கு சந்திப்புக்கு மேல் போகாமல் பேசினார்கள். மூன்று மாதம் கழித்து, தீங்கு தரும் குடியிலிருந்து மீண்டவர்கள் அந்தப் பிரிவில் 36 விழுக்காடு. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற பிரிவில் 26 விழுக்காடு. குடிநோய் முற்றாத நிலையிலிருந்தவர்கள் இவர்கள். இவர்களுக்குக் கட்டில் தேவைப்படவில்லை. காதுகொடுத்துக் கேட்கும் ஆள் தேவைப்பட்டார். வலிப்பு வந்தவர், காலையில் குடித்தால்தான் எழ முடிகிறவர், தற்கொலை எண்ணம் உள்ளவர், ஈரல் கெட்டவர், தனியே வாழ்பவர் ஆகியோருக்கோ கண்காணிப்பு அவசியம். அவர்களுக்கு மையம் உயிர்காக்கும் இடம்.

நம் நாட்டில் இரண்டுமே பற்றாக்குறை. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனை எடுத்து 2019இல் வெளியான கணக்கெடுப்பின்படி, மதுவால் உதவி தேவைப்படும் நிலையில் உள்ளவர்கள் ஏறத்தாழ 5.7 கோடிப் பேர். மதுவுக்கு அடிமைப்பட்டவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெற்றிருக்கிறார். உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர் 180க்கு ஒருவர். தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் மூலம் அரசின் கையில் இருக்கிறது. 2025இல் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த மீட்பு மையங்களை அரசு திறந்தது வரவேற்க வேண்டிய செயல். விற்பனைக்கு ஊர்தோறும் ஏற்பாடு செய்ய முடிந்த ஓர் அரசால், சிகிச்சையையும் ஊர்தோறும் கொண்டுபோக முடியும், கொண்டுபோக வேண்டும்.

மறுபடி குடித்துவிட்டால்

“அவ்வளவு செலவழித்தும் பழையபடி ஆரம்பித்துவிட்டார்” என்ற வேதனைதான் பல குடும்பங்களைச் சிகிச்சையின்மேல் நம்பிக்கை இழக்கச் செய்கிறது. தாமஸ் மெக்லெல்லனும் சகாக்களும் 2000இல் வெளியிட்ட ஆய்வு இந்த வேதனைக்கு விளக்கம் தருகிறது. போதைச் சிகிச்சை பெற்றவர்களில் ஓராண்டுக்குள் மறுபடி தொடங்குபவர்கள் 40 முதல் 60 விழுக்காடு. ரத்த அழுத்தம், ஆஸ்துமா போன்ற நோய்களிலும் மருந்தை விட்டு நோய் முற்றித் திரும்ப வருபவர்களின் அளவு இதற்குக் குறைவில்லை. சர்க்கரை ஏறிவிட்டால் மருத்துவரை மாற்றுகிறோம், மாத்திரையைக் கூட்டுகிறோம். சிகிச்சை தோற்றுவிட்டது என்று நிறுத்திவிடுவதில்லை. குடிநோயாளிக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை.

மறுபடி ஒரு வாய் குடித்தவரின் மனத்தில் எழும் எண்ணமே அடுத்த பாட்டிலைத் திறக்கிறது என்று மார்லட் காட்டினார். “எல்லாம் போச்சு, இனி என்ன இருக்கு” என்ற அந்த எண்ணத்தைத் தடுத்து, அன்றைக்கே கவுன்சலருக்குப் போன் செய்யச் சொல்லித்தருவது சிகிச்சையின் ஒரு பகுதி. நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் குடி நாட்டத்தையும் திரும்பக் குடிக்கும் வாய்ப்பையும் ஓரளவு குறைக்கின்றன. டைசல்ஃபிராம் வேறு வகை. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். அவருக்கே தெரிந்து, சம்மதித்து எடுத்தால் அது நல்ல துணை. ‘குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கலாம்’ என்று விளம்பரப்படுத்தி விற்கப்படும் பொடிகளை நம்பி ரகசியமாகக் கலப்பது ஆபத்து. உள்ளே இருப்பது டைசல்ஃபிராம் என்றால், விவரம் அறியாமல் குடிக்கும் அவர் உயிருக்கே அது உலை வைக்கும்.

ஹெராயின் போன்ற ஓபியம் வகைப் பொருட்களில் நிலைமை இன்னும் கடுமை. சில வாரம் நிறுத்திய உடல், பழைய அளவைத் தாங்கும் பழக்கத்தை இழந்துவிடும். வெளியே வந்து பழைய அளவையே ஏற்றிக்கொள்பவர் மூச்சு நின்று இறக்கிறார். பிரிட்டனில் ஜான் ஸ்ட்ராங் குழு நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், உள்நோயாளியாக இருந்து போதையை முழுதும் இறக்கிச் சென்றவர்களிடையே இந்த ஆபத்து வெளிப்பட்டது. ஆகவேதான் அவர்களுக்குப் பியூப்ரெனார்ஃபின், மெத்தடோன் போன்ற மாற்று மருந்துகளை நீண்ட காலம் தொடரச் சொல்கிறது மருத்துவம். “ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை” என்று அதை இகழ்பவர்கள், அது தடுத்து நிறுத்தும் மரணங்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தொடர் துணைக்குக் காசில்லாத வழியும் உண்டு. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற மருத்துவரும், குடிக்காமலிருக்க ஒருவருக்கொருவர் துணையானதில் தொடங்கியது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம். இன்று தமிழ்நாட்டு ஊர்களிலும் ஏ.ஏ. கூட்டங்கள் தமிழில் நடக்கின்றன. 10,565 பேரை உள்ளடக்கிய 27 ஆய்வுகளை 2020இல் காக்ரேன் குழு தொகுத்துப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமலிருப்பதில், இந்த இயக்கத்தோடு முறையாக இணைத்துவிடும் சிகிச்சை மற்ற சிகிச்சைகளைவிடக் கூடுதல் பலன் தந்திருந்தது. மையம் முடியும் இடத்தில் இந்தத் துணை தொடங்க வேண்டும்.

அடைத்துவைப்பது சிகிச்சை ஆகாது

இத்தனை பயனுள்ள ஒன்றின் பெயரால் அநியாயங்களும் நடக்கின்றன. இரவில் வண்டியோடு வந்து, கைகாலைக் கட்டித் தூக்கிப்போகும் இடங்கள் உண்டு. மருத்துவர் இல்லை, அடி உண்டு, குடும்பத்தைப் பார்க்கவிடுவதில்லை. வேறு வழி தெரியாமல் தவிக்கும் குடும்பங்கள் கடன் வாங்கி இங்கே பணம் கட்டுகின்றன. சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் முழுதாகத் தடைசெய்கிறது. சம்மதமின்றிச் சேர்ப்பதற்கும் கடுமையான நிபந்தனைகளும் கால வரம்பும் வைத்திருக்கிறது. பயத்தால் குடிக்காமலிருப்பவர் பயம் விலகிய அன்று குடிப்பார். அடிபட்டு வந்தவர் அடுத்தமுறை உதவி தேவைப்படும்போது எந்த மையத்தின் வாசலையும் மிதிக்கமாட்டார். தீங்கு இருமடங்கு.

ஆகவே பணம் கட்டும்முன் குடும்பம் சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். மனநல மருத்துவர் தினமும் வருகிறாரா, வலிப்பு வந்தால் இரவில் யார் பார்ப்பார்? மையம் அரசிடம் பதிவு செய்யப்பட்டதா? வீட்டார் வந்து பார்க்கவும் அவர்களுக்குக் கவுன்சலிங் பெறவும் ஏற்பாடு உண்டா? வீடு திரும்பிய பிறகு ஓராண்டுக்கு யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை தொடர்புகொள்வார்கள்? மறுபடி குடித்துவிட்டால் மறுநாளே அழைத்து வரலாமா? எங்கே போவதென்று தெரியாதவர்கள் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணையோ, 14416 என்ற மனநல உதவி எண்ணையோ கட்டணமின்றி அழைக்கலாம்.

‘நூறு சதவீதம் குணம்’ என்று எழுதிவைத்திருக்கும் மையத்தைவிட, “முப்பது நாளில் தொடங்கி வைக்கிறோம், பிறகு இரண்டு ஆண்டு நீங்களும் நாங்களும் சேர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும்” என்று சொல்லும் மையம் நம்பத் தகுந்தது. அரசும் மையங்களுக்கு உரிமமும் நிதியும் கொடுக்கும்போது, எத்தனை பேரைச் சேர்த்தார்கள் என்ற கணக்கோடு நின்றுவிடக் கூடாது. அவர்களில் எத்தனை பேரோடு ஓராண்டு கழித்தும் தொடர்பில் இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். சேர்க்கை எண்ணிக்கையால் மட்டும் மையங்களை அளக்கும்வரை, ஒரே ஆளை மூன்றுமுறை சேர்த்த மையம் மூன்று வெற்றி என்று கணக்கு எழுதிக்கொண்டிருக்கும். அந்த வீடோ மூன்றாவது முறையும் கடன் வாங்கிக்கொண்டிருக்கும்.